தொட்டில்கள் வெறுமையான உலகம்

ஓர் ஆண்டு. உலகில் எங்கும் குழந்தையே பிறக்கவில்லை. அடுத்த ஆண்டும் அப்படியே. இப்படி ஓர் அறிவியல் கதை எழுத உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி குறுக்கிடும்: ஏன் பிறக்கவில்லை?

1992-இல் ஆங்கில எழுத்தாளர் பி. டி. ஜேம்ஸ் 'தி சில்ட்ரன் ஆஃப் மென்' என்ற நாவலில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலே கதையை நடத்திவிட்டார். அதற்கு முன்பே, 1964-இல், பிரையன் ஆல்டிஸ் 'கிரேபியர்ட்' நாவலில் ஒரு காரணம் சொன்னார். விண்வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் எழுந்த கதிர்வீச்சுதான் அது. நம்மில் பலருக்கும் முதலில் தோன்றுவது இதுவே. இது நடக்கக்கூடியதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கதிர்வீச்சை 'கிரே' என்ற அலகால் அளக்கிறார்கள். ஓர் ஆணை நிரந்தரமாக மலடாக்க ஒரே தடவையில் ஏறக்குறைய 6 கிரே வேண்டும். ஆனால் உடல் முழுவதும் 4 கிரே அளவு பட்டாலே, தக்க சிகிச்சை இல்லாவிடில், பாதிப் பேர் சில வாரங்களில் இறந்துபோவார்கள்! தொட்டில்கள் வெறுமையாவதற்கு முன் வீடுகளே வெறுமையாகிவிடும்.

"பூச்சிகளை அப்படிச் செய்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1954-இல் கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவில் கால்நடைகளைத் தாக்கும் ஒருவகை ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிப் பறக்கவிட்டு, அந்த இனத்தையே தீவிலிருந்து ஒழித்தார்கள். வளர்ந்த ஈயின் உடலில் இனப்பெருக்க உறுப்புகளைத் தவிர மற்ற இடங்களில் செல்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. பிரியும் செல்களைத்தான் கதிர்வீச்சு கடுமையாகத் தாக்கும். ஆகவே ஈ பிழைக்கிறது. அதன் சந்ததி பிழைப்பதில்லை. நமக்கோ எலும்பு மஜ்ஜையிலும் குடலிலும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. நாம் ஈக்கள் அல்லர்.

சரி, ஒரு வேதிப்பொருள்? இதற்கு உண்மை நிகழ்ச்சியே உண்டு. வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்ல டி.பி.சி.பி. என்ற மருந்தை மண்ணில் இட்டுவந்தார்கள். 1977-இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலை ஒன்றின் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒரு விஷயம் புலப்பட்டது: சில ஆண்டுகளாக அவர்களில் பலருக்குக் குழந்தையே பிறக்கவில்லை. சோதித்தபோது பலரிடம் விந்தணுக்கள் மிகக் குறைவு. சிலரிடம் அறவே இல்லை. எலிகளின் விந்தகம் இப்பொருளால் சுருங்குகிறது என்று 1961-லேயே ஆய்வு வெளிவந்திருந்தது என்பதுதான் வேதனை. 1979-இல் அமெரிக்கா பெரும்பாலான பயிர்களுக்கு அதைத் தடை செய்தது. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் அதற்குள் பாதிக்கப்பட்டிருந்தனர்.

ஆனால் உங்கள் கதைக்கு இது போதாது. விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. எனவே கேடு சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். பொருளைக் கண்டுபிடித்து நிறுத்திவிடலாம். நீங்கிய பிறகு பலருக்கு விந்தணு உற்பத்தி மீண்டும் தொடங்கியதும் உண்டு. உலகம் முழுவதும் பாதிக்கப்பட வேண்டுமானால், காரணம் நெடுநாள் ஒளிந்திருக்க வேண்டும்.

எங்கே ஒளியும்? தாயின் வயிற்றில்தான். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே, கருவாக இருக்கும்போதே, உருவாகிவிடுகின்றன என்பது பொதுவான கருத்து. பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். பருவமடையும்போது சில லட்சங்களே மிஞ்சும். கருப்பையும் அப்போதே உருப்பெறுகிறது. அந்த மாதங்களில் நேர்ந்த குறை இருபது ஆண்டுகளுக்குப் பிறகே வெளிப்படலாம்.

இதுவும் கற்பனையல்ல. 1938-இல் டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன் உருவாக்கப்பட்டது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, கருவுற்ற பெண்களுக்கு அதைக் கொடுத்தார்கள். 1953-இல் சிகாகோவில் நடந்த சோதனை அதனால் பயனில்லை என்று காட்டியது. ஆயினும் நிறுத்தவில்லை. 1971-இல்தான் அத்தாய்மார்களின் மகள்களிடம் அரிய புற்றுநோய் ஒன்று கண்டறியப்பட்டது. அமெரிக்க அரசும் எச்சரித்தது. பின்னர் அம்மகள்களில் பலருக்குக் கருப்பையின் வடிவமே மாறியிருந்ததும், கருத்தரிப்பது கடினமானதும் தெரியவந்தன.

இப்போது உங்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. உலகம் முழுவதும், எல்லா நாட்டிலும், நல்ல நோக்கத்தோடு பயன்படும் ஏதோ ஒரு பொருள். உண்பவருக்கு ஒரு தீங்கும் இல்லை. பிறக்கும் குழந்தைகளும் நலமாகவே இருக்கிறார்கள். பள்ளிக்குப் போகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். அவர்கள் வளர்ந்து மணம் முடித்த பிறகே மருத்துவமனைகளில் கூட்டம் சேரத் தொடங்குகிறது. அதற்குள் பொருளைத் தயாரித்தவர் ஓய்வு பெற்றிருப்பார். தாய்மார்களுக்கோ, இருபது ஆண்டுகளுக்கு முன் எதை உண்டோம் என்பது நினைவில் இராது.

ஒரு சிக்கல் இன்னும் உண்டு. அப்பொருள் சென்றடையாத ஒரு மலைக்கிராமமோ தீவோ எங்காவது இருக்குமே? அங்கே தொட்டில் ஆடிக்கொண்டிருக்குமே? கதையை அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.