தள்ளுவண்டியை எங்கே ஒப்படைப்பது?

கேள்வி: மூன்று வயது மகளையும் எட்டு மாதக் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குத் தனியாகப் போகிறேன். ஸ்ட்ரோலரை லக்கேஜோடு போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம். பல விமான நிறுவனங்கள் விமான வாசல்வரை தள்ளிச்செல்ல விடுகின்றன. செக்-இன் கவுன்ட்டரிலேயே சொல்லி, டேக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிரமம் பாதுகாப்புச் சோதனையில்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வண்டியை மடித்து எக்ஸ்ரே பெல்ட்டில் ஏற்ற வேண்டும். ஒரே கையால் மடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கடைக்காரர் மடித்துக் காட்டியதை நம்பாதீர்கள். அவர் இடுப்பில் குழந்தை இல்லை! அடிக்கூடையில் கிடக்கும் பிஸ்கட் பாக்கெட், பொம்மை, செருப்பு எல்லாவற்றையும் வரிசைக்கு வருமுன்பே பைக்குள் போட்டுவிடுங்கள்.

கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் கிடையாது. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். கேட்குமுன் எடுத்துக் காட்டுங்கள். உங்கள் தண்ணீர் பாட்டிலுக்கு அந்தச் சலுகை இல்லை.

இறங்கும்போது வண்டி கதவருகே கிடைக்குமா, லக்கேஜ் பெல்ட்டில் வருமா என்று ஏறும்போதே கேளுங்கள். பெல்ட்டில்தான் என்றால், குடிநுழைவு வரிசை முடியும்வரை சின்னதைச் சுமக்க வேண்டும். மார்போடு கட்டிக்கொள்ளும் துணி கேரியர் ஒன்று இருந்தால், பெரியவளைப் பிடிக்க ஒரு கை மிஞ்சும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலேயே இலவச ஸ்ட்ரோலர்களும் உண்டு.

திரும்பும்போது ஒன்று: சாங்கியின் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை போர்டிங் கேட்டில்தான் நடக்கும். கடைகளில் நேரம் போக்கிவிட்டுக் கடைசியில் ஓடாதீர்கள்.