மிதிவண்டித் தடத்திற்குப் பணம் தருவோர் யார்?

ஆக்லாந்து நகரில் கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக மிதிவண்டித் தடங்கள் பெருகிவந்துள்ளன. புதிய தடம் ஒன்று அமையும்போதெல்லாம் ஒரு கேள்வியும் உடன் எழுகிறது. கார் வைத்திருப்பவர் பெட்ரோலுக்குத் தீர்வை செலுத்துகிறார். ‘ரெஜோ’ எனப்படும் வாகன உரிமக் கட்டணமும் கட்டுகிறார். மிதிவண்டியில் செல்பவர் அத்தகைய கட்டணம் எதையும் செலுத்துவதில்லை. அவ்வாறாயின், அவருக்காக அமைக்கப்படும் தடத்தின் செலவில் அவரும் ஒரு பங்கை ஏற்க வேண்டாமா?

கேள்வி நியாயமானது. ஆயினும் விடை கூறுமுன் தடங்களுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வேண்டும். அதனை விளக்குவதும், இரு தரப்பு வாதங்களையும் வாசகர் தாமே எடைபோட உதவுவதும் இப்பாடத்தின் நோக்கமாகும்.

பணம் வரும் வழிகள்

முதலாவது வழி, ‘ரேட்ஸ்’. தமிழகத்தில் சொத்துவரி என்றும் இலங்கையில் ஆதனவரி அல்லது சோலைவரி என்றும் வழங்குவது இதுவே. ஆக்லாந்து மாநகர சபை பெரும்பாலும் வீடு, நிலம் ஆகியவற்றின் மதிப்பை அடிப்படையாகக் கொண்டு இவ்வரியை விதிக்கிறது. உள்ளூர்ச் சாலைகள், நடைபாதைகள், மிதிவண்டித் தடங்கள் ஆகியவற்றில் சபை ஏற்கும் பங்கு பெரிதும் இதிலிருந்தே வருகிறது. 2022 ஜூலை முதல் காலநிலை நடவடிக்கைக்கென ஒரு தனிவரியும் ரேட்ஸுடன் சேர்க்கப்பட்டது. பேருந்து, படகுச் சேவைகளுடன் நடைவழிகளும் மிதிவண்டித் தடங்களும் அதன் பயன்களுள் அடங்கும்.

இரண்டாவது வழி, தேசிய நிலப் போக்குவரத்து நிதி. பெட்ரோல் தீர்வை, டீசல் வாகனங்கள் செலுத்தும் சாலைப் பயனர் கட்டணம், வாகனப் பதிவு மற்றும் உரிமக் கட்டணங்கள் ஆகியன இந்நிதியில் சேர்கின்றன. பெட்ரோல் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 70 சதம் இதற்குச் செல்கிறது. மின்கார்களும் 2024 ஏப்ரல் முதல் சாலைப் பயனர் கட்டணம் செலுத்துகின்றன. இந்நிதியை நிர்வகிப்பது வாகா கோட்டாஹி என்னும் தேசியப் போக்குவரத்து முகமை. ஆக்லாந்தின் உள்ளூர்த் திட்டம் ஒன்று நிதியுதவிக்குத் தகுதி பெற்றால், பொதுவாக அதன் செலவில் 51 விழுக்காட்டை இந்நிதி ஏற்கும். எஞ்சிய 49 விழுக்காட்டை மாநகர சபை ஏற்கும்.

மூன்றாவது வழி, மைய அரசின் பொது நிதி. நகர்ப்புற மிதிவண்டிப் பாதைகளுக்கென 2014இல் அரசு 10 கோடி டாலர் ஒதுக்கியது. வருமானவரி செலுத்துவோரும், கடையில் பொருள் வாங்கி ஜிஎஸ்டி செலுத்துவோரும் இதில் பங்கு கொண்டவர்களே.

இவற்றுடன், 2018 ஜூலை 1 முதல் 2024 ஜூன் 30 வரை ஆக்லாந்தில் மட்டும் வட்டார எரிபொருள் வரி ஒன்று வாங்கப்பட்டது. லிட்டருக்கு 10 சதமும் அதன்மேல் ஜிஎஸ்டியுமாக அமைந்த அவ்வரியின் ஒரு பகுதி நடைவழிகளுக்கும் மிதிவண்டித் தடங்களுக்கும் உரியதாயிருந்தது.

இவ்விவரங்களிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. மிதிவண்டி ஓட்டுவோர் ஒன்றும் செலுத்துவதில்லை என்பது சரியன்று. சொந்த வீட்டில் வாழ்பவர் ரேட்ஸ் கட்டுகிறார்; வாடகை வீட்டில் வாழ்பவரின் வாடகைக்குள்ளும் உரிமையாளர் கட்டும் ரேட்ஸ் அடங்கியிருக்கிறது. அதேவேளை, கார் ஓட்டுவோரின் மனக்குறையும் ஆதாரமற்றதன்று. தேசிய நிதி பெருமளவு எரிபொருளிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் திரட்டப்படுவது என்பதும், அதில் ஒரு பங்கு தடங்களுக்குச் சென்றுள்ளது என்பதும் உண்மையே.

துறைமுகப் பாலம் கூறும் செய்தி

பயன்படுத்துவோரே பணம் செலுத்தட்டும் என்னும் கருத்து ஆக்லாந்துக்குப் புதிதன்று. 1959 மே 30 அன்று திறக்கப்பட்ட துறைமுகப் பாலத்தில் 1984 வரை வாகனங்களிடம் சுங்கம் வாங்கப்பட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டு நடைபாதைகள் கைவிடப்பட்ட நிலையிலேயே அப்பாலம் கட்டப்பட்டது. இதனால் மிதிவண்டி ஓட்டுவோர் சுங்கம் செலுத்த முன்வந்திருந்தாலும் அவர்களுக்கு வழி இருந்திருக்காது.

பிற்காலத்தில் ஸ்கைபாத் என்னும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பாலத்தோடு இணைத்து ஒரு பாதை அமைப்பது, தனியார் முதலீட்டைக் கொண்டு கட்டுவது, நடப்போரிடமும் மிதிவண்டியில் செல்வோரிடமும் சிறு கட்டணம் வாங்கி அம்முதலீட்டை மீட்பது என்பன அதன் கூறுகள். எதிர்பார்த்த வருவாய் கிட்டாவிடில் மாநகர சபை கைகொடுக்கும் என்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. ஆக, பயனரே செலுத்துவதாகச் சொல்லப்பட்ட திட்டத்திலும் இறுதி இடர் ரேட்ஸ் கட்டுவோரின் தோளிலேயே இருந்தது.

2018இல் மைய அரசு அத்திட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முன்வந்தபோது கட்டணம் கைவிடப்பட்டது. 2020 ஜனவரியில் 36 கோடி டாலர் ஒதுக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2021 மே 30 அன்று மிதிவண்டி ஓட்டுவோர் பலர் காவல்துறையின் தடுப்பைத் தாண்டிப் பாலத்தின்மேல் சென்றனர். அடுத்த மாதமே 78.5 கோடி டாலர் மதிப்பில் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் தனிப்பாலம் கட்டப்படும் என அரசு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதுவும் கைவிடப்பட்டது. துறைமுகத்தை மிதிவண்டியுடன் கடக்க விரும்புவோர் படகையோ நீண்ட சுற்றுவழியையோ நாட வேண்டியவராயினர்.

இவ்வரலாறு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. ஒரே நுழைவாயில் கொண்ட பாலம் போன்ற இடத்தில் நேரடிக் கட்டணத்தை எண்ணிப் பார்க்க முடியும். நூறு தெருக்களிலிருந்து நுழையக்கூடிய சாதாரணத் தடத்தில் அதனை வாங்குவது அரிது. மேலும், செலவு ஏறிக்கொண்டே சென்றால் யார் செலுத்துவது என்னும் கேள்வி திட்டத்தையே விழுங்கிவிடும்.

வில்லையும் வரியும்

தடத்தில் கட்டணம் வாங்க இயலாதெனில், வண்டிக்கு வரி விதிக்கலாமா? தமிழ் வாசகருக்கு இது அறிமுகமானதே. தமிழகத்தில் உள்ளாட்சி அமைப்புகள் ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை வழங்கின. இலங்கையிலும் துவிச்சக்கரவண்டிக்கு உள்ளூராட்சி சபையில் உரிமம் பெறும் வழக்கம் இருந்தது. மூத்தோர் பலர் இதனை நினைவுகூர்வர்.

சுவிட்சர்லாந்தில் மிதிவண்டியில் ஒட்டவேண்டிய வில்லை 2011ஆம் ஆண்டுடன் முடிவுக்கு வந்தது. அது சாலைக்கான வரியன்று. விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு. பெரும்பாலோரிடம் வேறு காப்பீடு இருந்ததால் அதன் தேவை மறைந்தது.

இன்றும் நடைமுறையில் உள்ள எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். 200 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள புதிய மிதிவண்டி ஒவ்வொன்றுக்கும் 2018 முதல் அங்கு 15 டாலர் வரி வாங்கப்படுகிறது. கடையிலேயே வாங்கப்படுவதால் பதிவேடோ எண்பலகையோ தேவையில்லை. பணம் மிதிவண்டி, நடைபாதைத் திட்டங்களுக்குச் செல்கிறது. வரியை ஆதரிப்போர் இதனைச் சுட்டுவர். எதிர்ப்போர், பல்லாயிரம் டாலர் மின்மிதிவண்டிக்கும் 200 டாலர் சாதாரண வண்டிக்கும் ஒரே வரி என்பது எளியோரை அதிகம் பாதிக்கும் என்பர். இருதரப்பிலும் நியாயமுண்டு.

தேய்மானக் கணக்கு

சாலையைத் தேய்ப்பவரே அதிகம் செலுத்த வேண்டும் என்பது மற்றொரு அளவுகோல். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய பெரும் சாலைச் சோதனை, அச்சு ஒன்றின் மீதான பாரம் இருமடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது எனக் காட்டியது. ஓட்டுநருடன் 100 கிலோ எடையுள்ள மிதிவண்டியையும் 1,500 கிலோ எடையுள்ள காரையும் ஒப்பிட்டால், கார் விளைவிக்கும் தேய்மானம் ஏறத்தாழ 50,000 மடங்காகும். தேய்மானத்தை மட்டும் கணக்கிட்டால் மிதிவண்டியின் பங்கு சில்லறைக் காசுக்கும் தேறாது.

எனினும் இக்கணக்கு முழுமையானதன்று. தடத்தின் செலவு தேய்மானத்தால் வருவதன்று. ஓரக்கற்களை இடம்மாற்றல், வடிகால், சமிக்ஞை விளக்குகள் ஆகியவற்றால் வருவது. வாகன நிறுத்துமிடத்தை இழக்கும் கடைக்காரரின் நட்டம் இக்கணக்கில் எங்கும் பதிவாவதில்லை. தடத்தை ஆதரிப்போரும் இதனை மறுக்க இயலாது.

எஞ்சி நிற்கும் தெரிவு

மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகைக்கு வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தை காரில் வேலைக்குச் செல்கிறார். மகள் 2017இல் திறக்கப்பட்ட வாட்டர்வியூ பாதை வழியாகப் பகுதிநேர வேலைக்கு மிதிவண்டியில் செல்கிறாள். தந்தையின் பெட்ரோல் தீர்வையும் வீட்டு வாடகைக்குள் அடங்கிய ரேட்ஸும் ஒரே குடும்பத்தின் பணம். மகளுக்கு அப்பாதை இல்லாவிடில், குடும்பம் இரண்டாவது கார் வாங்க நேரலாம், அல்லது அவள் லாரிகளுக்கிடையே வண்டி ஓட்ட நேரலாம். ‘கார் ஓட்டுவோர்’, ‘மிதிவண்டி ஓட்டுவோர்’ என இரு கூட்டத்தாரைப் பிரித்து வைப்பது பல வீடுகளில் பொருந்தாது.

ஆகவே உண்மையான தெரிவு, மிதிவண்டிக்கு வில்லை வேண்டுமா என்பதைவிடப் பெரியது. தேசிய நிதி எவ்வளவு ஏற்பது, ரேட்ஸ் எவ்வளவு ஏற்பது என்பதே அது. 2024ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை அறிக்கை, மிதிவண்டிப் பாதைகளுக்கான தேசிய நிதியுதவியை இறுக்கியது. பயன்படுத்துவோர் போதிய அளவில் உள்ளனர் எனவும், பொருளாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ தெளிவான நன்மை உண்டு எனவும் காட்டப்பட வேண்டும். அந்த 51 விழுக்காடு கிடைக்காவிடில் திட்டம் நிற்கும், அல்லது சிறிதாகும், அல்லது முழுச் செலவும் ரேட்ஸ் கட்டுவோர்மீது விழும். மிதிவண்டி வரி அவ்விடத்தை நிரப்பும் என எதிர்பார்ப்பது கடினம். அது நியாய உணர்வை நிறைவு செய்யக்கூடும். செலவை ஈடுசெய்வது அரிது.

கருத்தைத் தெரிவிக்கும் முறை

மாநகர சபை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தை இறுதி செய்யுமுன் மக்களின் கருத்தைக் கேட்கிறது. இதில் கருத்துத் தெரிவிக்கக் குடியுரிமையோ வாக்குரிமையோ தேவையில்லை. வாடகைக்கு வாழ்வோரும் மாணவரும் பங்கேற்கலாம். குறிப்பிட்ட தெருவைப் பற்றிய கருத்தாயின், நகரிலுள்ள 21 உள்ளூர் வாரியங்களுள் தம் பகுதிக்குரியதை அணுகலாம். தடம் வேண்டும் அல்லது வேண்டாம் என்று மட்டும் எழுதுவதிலும், எந்தத் தெருவில், எத்தகைய தடம், எந்த நிதியிலிருந்து எனக் குறிப்பிடுவது பயன் தரும்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. மிதிவண்டி ஓட்டுவோர் ஏற்கனவே எவ்வழிகளில் தடங்களுக்குப் பணம் செலுத்துகின்றனர்?

2. பாலத்தில் கட்டணம் வாங்குவதற்கும் தெருவிலுள்ள தடத்தில் வாங்குவதற்கும் என்ன வேறுபாடு?

3. புதிய மிதிவண்டிக்கு வரி விதிப்பதாயின், சிறுவர் வண்டிக்கும் குறைந்த வருவாயினருக்கும் விலக்கு வேண்டுமா?

4. தேசிய நிதி கிடைக்காதபோது, உங்கள் பகுதியில் ஒரு தடத்திற்காக ரேட்ஸ் உயர்வதை ஏற்பீர்களா? எந்த நிபந்தனையில்?