வீட்டை அடுக்கிக்கிட்டே போர்ச்சுகீசியம் பழகு!

பிரேசிலுக்கு வேலைக்குக் கிளம்புற அவசரத்தில் ஐந்நூறு வார்த்தைப் பட்டியலை வச்சுக்கிட்டு முழிக்காதே தங்கச்சி. அதை மூடி வை. அங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் காதில் விழுற ஒரு சொல்லை முதலில் பிடி: 'அஹுமார்'. கலைஞ்சு கிடக்கிறதை எடுத்து அதனதன் இடத்தில் வைக்கிறதுக்குப் பேர்தான் அது.

1. 'அர்ருமார்'னு உருட்டாதே. எழுத்தில் இரட்டை 'ர' இருக்கும். பிரேசிலில் பெரும்பாலான இடங்களில் அது 'ஹ' மாதிரிதான் ஒலிக்கும். இதில் அலட்சியம் வேண்டாம். 'காரு'ன்னா விலை அதிகம், 'காஹு'ன்னா கார். சாதாரணப் பேச்சில் 'அஹுமார்' கடைசியில் வர்ற 'ர்' பல நேரம் விழுந்துடும். 'அஹுமா'ன்னு கேட்டா வேற சொல்லோன்னு குழம்பாதே.

2. தனிச்சொல்லா மனப்பாடம் பண்ணாதே. பொருளோடு சேர்த்துச் சொல்லு. 'அஹுமார் அ காஸா' (வீட்டை ஒழுங்குபடுத்துறது), 'அஹுமார் அ காமா' (படுக்கையைச் சரிபண்றது), 'அஹுமார் அ மாலா' (பெட்டியை அடுக்குறது). தனியா படிச்ச சொல் அவசரத்துக்கு வாயில் வராது.

3. மூணு வடிவம் போதும். வினை அட்டவணை முழுசும் இப்போ வேண்டாம். 'வோ அஹுமார்' (ஒழுங்குபடுத்தப் போறேன்), 'ஜா அஹுமேய்' (ஏற்கெனவே பண்ணிட்டேன்), 'அஹுமா!' (ஒழுங்குபடுத்து!). வீட்டுக்குள்ளே பாதி நாளை இதிலேயே ஓட்டிடலாம்.

4. 'லிம்பார்' வேற, இது வேற. 'லிம்பார்'னா அழுக்கு போகச் சுத்தம் பண்றது. துணியை மடிச்சு வைக்கிறதுக்கு 'லிம்பார்' சொல்லாதே. கேட்கிறவங்க ஈரத்துணியை நீட்டுவாங்க.

5. நடுவில் வர்ற குட்டி 'மி'யை விடாதே. 'வோ மி அஹுமார்'னா நான் உடுத்தித் தயாராகப் போறேன்னு அர்த்தம். வேலை தேடிக்கிறதுக்கும் பிரேசிலில் இதே 'அஹுமார்'தான். போர்ச்சுகலில் வண்டியை நிறுத்துறதுக்கும் இதைச் சொல்றாங்க. நீ போறது பிரேசிலுக்கு, அந்த ஊர்ப் பேச்சை மட்டும் கேளு. ரெண்டையும் கலந்தா நேரம்தான் வீண்.

6. பில்லுக்கு 'அஹுமார்' போடாதே. கரண்ட் பில், வாடகை, குழந்தைக்குத் தடுப்பூசி எல்லாம் பாக்கியில்லாம இருந்தா 'ஏய்ங் ஜீயா'ன்னு சொல்லணும். 'கோன்டாஸ் ஏய்ங் ஜீயா'ன்னா கட்ட வேண்டியதெல்லாம் கட்டியாச்சு. 'ஏய்ங்' எழுத்தில் 'ம்'ல முடியுதேன்னு உதட்டை மூடாதே, மூக்கால் சொல்லு. போர்ச்சுகலில் 'ஜீயா' இல்லை. 'தினம்'ல வர்ற 'தி' போட்டு 'தியா'. ரொம்ப நாள் கழிச்சுப் பார்த்த தோழியோட விட்ட கதையெல்லாம் பேசித் தீர்க்கிறதுக்கும் இதே 'ஏய்ங் ஜீயா' உதவும்.

7. தெரிஞ்ச சொல்லில் தொடங்கு. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்ததுதான். அங்கே மேஸா, அர்மாரியு, ஷாவி, ஜனேலா. மேஸாவிலும் காஸாவிலும் 'ஸா'வைத் தொண்டை அதிரச் சொல்லணும், அவ்வளவுதான். அலமாரியைத் திறக்கும்போதே 'வோ அஹுமார் உ அர்மாரியு'ன்னு சொல்லிப் பாரு. புதுசாப் படிக்க வேண்டியது கொஞ்சம் குறையும்.

8. படிக்கன்னு தனி நேரம் ஒதுக்காதே. ஒதுக்க மாட்டே, எனக்குத் தெரியும். துணி மடிக்கும்போதும் பாத்திரம் அடுக்கும்போதும் வாய்விட்டுச் சொல்லு. மனசுக்குள்ளே சொல்றது கணக்கில் வராது, நாக்கு பழகணும்.

இன்னிக்கு ராத்திரி அடுப்படியை ஒழுங்குபண்ணி முடிச்சதும் 'ஜா அஹுமேய் அ கொஸீஞா'ன்னு சத்தமாச் சொல்லிட்டுப் படு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு மட்டும் தள்ளிப்போடாதே.