ஆட்டுவது விமானியா, விமானமா?

பரீட்சை முடிந்ததும் நாம் மறந்துவிடும் 'ஃபேஸ் லேக்' ஒரு விமானத்தையே கீழே தள்ளும்.

மூக்கு மேலே போகிறது. விமானி ஸ்டிக்கைத் தள்ளுகிறார். ஆக்சுவேட்டருக்கு வேக வரம்பு உண்டு. அதைத் தாண்டிக் கேட்டால் எலிவான் பின்தங்கும். 'இன்னும் இறங்கலையே' என்று மேலும் தள்ளுவார். மூக்கு தொபுக்கென்று கீழே போகும். உடனே இழுப்பார், அதுவும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். தாமதம் 180 டிகிரியை நெருங்கினால் அவர் செய்யும் திருத்தமே ஆட்டத்துக்குத் தீனி. ஸ்டியரிங்கில் ப்ளே உள்ள ஜீப்பை எங்க செம்மநத்தம் மலைப்பாதையில் ஓட்டியவரைக் கேளுங்கள், சொல்வார்.

சுவீடனின் கிரிப்பன் 1989-இலும் 1993-இலும் இப்படித்தான் விழுந்தது. இரண்டு முறையும் ஒரே விமானி; இரண்டு முறையும் பிழைத்தார். இதற்கு 'விமானி தூண்டும் அலைவு' என்று பெயர் வைத்தது அநியாயம்! தாமதம் டிசைனில் இருக்க, பழி அவர் தலையிலா?

நம் தேஜஸும் வேண்டுமென்றே நிலைப்புக் குறைவாக வடிவமைத்ததுதான். கம்ப்யூட்டர் இல்லாமல் பறக்காது. அதன் கன்ட்ரோல் லாவை பெங்களூர் என்.ஏ.எல். குழு சிமுலேட்டரில் சோதித்தது. 1996-இல் அமெரிக்காவில் ஓர் எஃப்-16 விமானத்தில் ஏற்றியும் பார்த்தார்கள். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் தடை வந்தது. அங்கிருந்த நம் இன்ஜினியர்கள் திரும்பினார்கள். மிச்ச வேலையை இங்கேயே முடித்து, 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார்.