மருந்தே நோயானால்: மருந்தாளுநரின் பொறுப்பும் நம் பொறுப்பும்

நோய் தீர வேண்டும் என்று நாம் உட்கொள்ளும் மருந்து, சிலருடைய உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. உடம்பெல்லாம் தடிப்பு, முகத்தில் வீக்கம், விடாத வாந்தி, கண்ணில் மஞ்சள் என்று ஏதாவது ஒன்று தலைகாட்டுகிறது. "இந்த மாத்திரை நமக்கு ஒத்துக்கவில்லை" என்று நிறுத்திவிட்டு வேறு மருத்துவரிடம் போகிறோம். அந்தச் செய்தி நம் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. அடுத்த தெருவில் இன்னொருவருக்கு அதே மருந்து அதே கேட்டைச் செய்யும்போது, அவருக்கும் அது புதுச் செய்தியாகவே இருக்கிறது. இதை மாற்றத்தான் நம் நாட்டில் ஓர் ஏற்பாடு உள்ளது. அதில் மருத்துவமனை மருந்தாளுநரின் பங்கு என்ன, நம் பங்கு என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

சோதித்த மருந்திலும் கேடு வருமா?

வரும். ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன் பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடம் மட்டுமே சோதிக்கப்படுகிறது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரக்கூடிய விளைவை ஒருமுறையாவது காண, ஏறத்தாழ 30,000 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், பல நோய்களுக்கு ஒருசேர மருந்து உண்பவர்கள் ஆகியோர் அந்தச் சோதனைகளில் குறைவாகவே சேர்க்கப்படுகிறார்கள். எனவே அரிதான கேடு, மருந்து மக்கள் கைக்கு வந்த பிறகே வெளிப்படுகிறது.

இந்தப் பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்து, தூக்கத்துக்கும் கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. அதை உண்ட தாய்மாருக்குப் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையுடன் பிறந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவரும் ஜெர்மனியில் ஒரு மருத்துவரும் தாம் கண்டதைச் சொன்ன பிறகே, 1961இல் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. சந்தேகத்தை முன்னதாகவே ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்திருந்தால் எத்தனையோ குழந்தைகள் தப்பியிருப்பார்கள். அதன் பின்தான் 1968இல் உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

நம் நாட்டில்

2010 ஜூலையில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இதன் தேசிய மையமாக இயங்குகிறது. நாடெங்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் கண்காணிப்பு மையங்கள் உள்ளன. அங்கிருந்து போகும் அறிக்கைகள் தேசிய மையத்தில் ஆராயப்பட்டு, சுவீடன் நாட்டின் உப்சாலா நகரிலுள்ள உலகத் தொகுப்பிலும் சேர்கின்றன.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். மாதவிடாய் வலிக்கும் மூட்டு வலிக்கும் பலரும் கடையில் கேட்டு வாங்கும் மெஃபனாமிக் ஆசிட் மாத்திரை பற்றி 2023இன் இறுதியில் இந்த ஆணையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தோல் தடிப்பு, காய்ச்சல், நிணநீர்க் கட்டிகள் வீங்குதல், உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவை சேர்ந்து வரும் கடுமையான ஒவ்வாமை அம்மருந்தால் வரலாம் என்பதே அந்த எச்சரிக்கை. இந்த ஒவ்வாமை மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துத் தலைகாட்டுவது வழக்கம். அதற்குள் நோயாளியே மாத்திரையை மறந்திருப்பார். பல இடங்களிலிருந்து வந்த அறிக்கைகளைச் சேர்த்துப் பார்ப்பதால்தான் இத்தகைய தொடர்பு புலப்படுகிறது.

மருந்தாளுநர் கண்ணில் படுவது

மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளியைப் பார்க்கிறார். மருந்தாளுநரோ எல்லா வார்டுகளின் மருந்துச் சீட்டுகளையும் பார்க்கிறார். அதனால் சில அறிகுறிகள் அவருக்கு எளிதில் புலப்படும்.

நேற்றுவரை இல்லாத அவில் ஊசியோ ஹைட்ரோகார்ட்டிசோனோ ஒரு நோயாளிக்கு இன்று திடீரென எழுதப்பட்டால், ஏதோ ஒரு மருந்து ஒவ்வாமை செய்திருக்கலாம். வார்ஃபரின் உண்பவருக்கு வைட்டமின் கே எழுதப்பட்டால், இரத்தம் அளவுக்கு மீறி இளகியிருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு அவசரமாக அடர் குளுக்கோஸ் கேட்கப்பட்டால், சர்க்கரை அபாயமாகக் குறைந்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இரத்தக் கொதிப்புக்கு எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் உண்பவருக்கு வறட்டு இருமல் வரலாம். அதை மருந்தின் விளைவு என்று அறியாமல் இருமல் மருந்து கொடுக்கப்படுகிறது. அம்லோடிபின் உண்பவருக்குக் கால் வீங்கினால் நீர் மாத்திரை சேர்க்கப்படுகிறது. இப்படி மருந்து செய்த தொல்லைக்கு மருந்து என்று சீட்டு நீண்டுகொண்டே போகும். பழைய சீட்டையும் புதிய சீட்டையும் சேர்த்துப் பார்க்கும் மருந்தாளுநர் இதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல முடியும். ஒரே தொகுதி எண்ணுள்ள ஊசியால் இரண்டு வார்டுகளில் குளிர் நடுக்கம் வந்தாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

பிரிட்டனில் மருந்துக் கேடுகளை அறிவிக்கும் மஞ்சள் அட்டை முறை 1964இலேயே வந்துவிட்டது. ஆனால் மருத்துவமனை மருந்தாளுநர்கள் அதில் சேர்க்கப்பட்டது 1997இல்தான். நம் நாட்டுத் திட்டத்தில் மருந்தாளுநரும் செவிலியரும் நேரடியாக அறிக்கை அனுப்பலாம். 2008இல் நம் நாட்டில் தொடங்கிய ஆறாண்டு ஃபார்ம் டி படிப்பில் இது பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது.

ஏன் எழுதப்படுவதில்லை?

கவுன்டரில் நீண்ட வரிசை நிற்கிறது. நேரம் இல்லை. இது மருத்துவர் வேலை என்ற எண்ணம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு தயக்கங்கள். ஒன்று, "இந்த மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க முடியாதே" என்பது. நிரூபிக்க வேண்டியதில்லை, படிவத்தின் பெயரிலேயே 'சந்தேகத்திற்குரிய' என்ற சொல் இருக்கிறது. மருந்து தொடங்கிய நாள், தொல்லை தொடங்கிய நாள், நிறுத்தியதும் குறைந்ததா என்பவற்றைக் கொண்டு தொடர்பை எடைபோடுவது மையத்தின் வேலை.

மற்றொன்று, பழி வந்துவிடுமோ என்ற அச்சம். அறிக்கை அனுப்புவது, மருத்துவரோ நிறுவனமோ தவறு செய்ததாக ஒப்புக்கொள்வது ஆகாது என்று படிவமே கூறுகிறது. நோயாளியின் முழுப்பெயர் தேவையில்லை. பெயரின் முதலெழுத்துகள் போதும். விவரங்கள் இரகசியமாக வைக்கப்படும். நோயாளி, தொல்லை, சந்தேகிக்கும் மருந்து, அறிவிப்பவர் என்ற நான்கு செய்திகள் இருந்தால் ஓர் அறிக்கை ஏற்கத்தக்கதாகிவிடும்.

நாம் செய்ய வேண்டியவை

மருந்தாளுநர் எவ்வளவு அக்கறையுள்ளவராக இருந்தாலும் நாம் சொல்லாததை அவர் எழுத முடியாது. ஆகவே:

1. மருந்து தொடங்கிய பின் புதிதாக எந்தத் தொல்லை வந்தாலும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சொல்லுங்கள். மூச்சுத் திணறல், முக வீக்கம், தோல் கொப்புளம், வாய்ப்புண்ணுடன் காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

2. மாத்திரை அட்டையையும் மருந்துப் பாட்டிலையும் எறிந்துவிடாதீர்கள். பெயரும் தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் அதில்தான் உள்ளன. மாத்திரையை எண் அச்சிட்ட பக்கம் கடைசிவரை மிஞ்சுமாறு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

3. நாட்டு மருந்து, லேகியம், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

4. ஒவ்வாத மருந்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும். அதே மருந்து மறுமுறை உடலில் ஏறினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

5. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, வலிப்பு, காசநோய் மருந்துகளை யாரையும் கேளாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

6. பொதுமக்களும் நேரடியாக அறிவிக்கலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இதற்கென்றே உள்ளது. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது.

நமது மஹல்லாவில் மருந்தகம் நடத்துபவர்களும் மருத்துவமனைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மருந்தைக் கொடுக்கும்போது "இதற்கு முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால், அந்த மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி மருத்துவருக்குத் தெரிவித்து, படிவத்தையும் நிரப்பி அனுப்புங்கள். எழுதுவதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். அது யார் உயிரைக் காக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, காக்கப்பட்டவருக்கும் தெரியாது. ஆனாலும் எழுதுங்கள்.