ஊசித்துளை கேமராவும் எலக்ட்ரான் கற்றையும்

கேளம்பாக்கத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு மாணவியின் செய்முறைக் குறிப்பேட்டில், ஒழுங்காக எடுத்த ஓர் அளவீட்டைத் 'தவறு' என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டேன். அதிலிருந்து நான் கற்றதை இங்கே பகிர்கிறேன்.

மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம் உள்ளது. அங்குள்ள 'இன்டஸ்-2' துகள் முடுக்கியில், சுமார் 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்கள் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கும்போது எக்ஸ் கதிர்கள் வெளிப்படுகின்றன. பொருள்களின் நுண்ணமைப்பை ஆராய இவை பயன்படுகின்றன. எலக்ட்ரான் கற்றை பருத்தாலும், அதன் திசை சிதறினாலும் கதிரின் செறிவு குறையும். எனவே பருமன், திசைச் சிதறல் இரண்டையும் சேர்த்தே கற்றையின் தரத்தை மதிப்பிடுகிறார்கள். இதற்கு 'எமிட்டன்ஸ்' என்று பெயர்.

சுற்றிக்கொண்டிருக்கும் கற்றையின் குறுக்கே திரை வைத்தால் கற்றையே அழிந்துவிடும். ஆகவே அது வெளியிடும் எக்ஸ் கதிரை நுண்துளை வழியே செலுத்தி, திரையில் விழும் பிம்பத்தை அளக்கிறார்கள். அதிலிருந்து கற்றையின் பருமன் கிடைக்கும். காந்த அமைப்பு தெரிந்திருப்பதால் எமிட்டன்ஸையும் கணக்கிடலாம். நம் ஒளிப் பாடத்தின் ஊசித்துளை கேமராதான் அங்கே வேலை செய்கிறது!

வகுப்பில் செய்ய

தேவையானவை: அட்டைப்பெட்டி, எண்ணெய் தடவிய தாள், ஊசி, அளவுகோல், எல்.இ.டி. பல்பு.

ஓர் அட்டையில் 3 செ.மீ. நீளப் பிளவு வெட்டி, தாள் ஒட்டி, பின்னால் பல்பை வைக்கவும். பிளவிலிருந்து துளைக்கு 60 செ.மீ., துளையிலிருந்து திரைக்கு 20 செ.மீ. இருக்கட்டும். அறையை இருட்டாக்கி, மங்கலான ஓரத்தையும் சேர்த்துப் பிம்பத்தின் நீளத்தை அளக்கவும். வடிவொத்த முக்கோணங்களின்படி, பிளவின் நீளம் = பிம்பத்தின் நீளம் × 60/20.

பெரும்பாலான குழுக்களுக்குப் பிம்பம் 1.1 செ.மீ. வந்தது, பிளவு 3.3 செ.மீ. அந்த மாணவிக்கோ 1.2 செ.மீ.; பிளவு 3.6 செ.மீ. நான் சுழித்தது இதைத்தான். "மூணு தடவை அளந்தேன் சார், 1.2தான் வருது" என்றாள். பெட்டியை வாங்கிப் பார்த்தேன். கோணி ஊசியால் போட்ட துளை, அகலம் 1.5 மி.மீ.

ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளியும் துளை வழியே விரிந்து திரையில் ஒரு வட்டமாக விழும். அதன் அகலம் 1.5 × 80/60 = 2 மி.மீ. அதைக் கழித்தால் 1.2 − 0.2 = 1 செ.மீ. பிளவின் நீளம் சரியாக 3 செ.மீ.! மெல்லிய ஊசி பயன்படுத்திய மற்றவர்களும் இதே போலக் கழிக்க வேண்டியிருந்தது. அதை நான் சொல்லித்தரவில்லை.

முடுக்கியிலும் துளையால் வரும் மங்கலைக் கழித்தே கற்றையின் பருமனைக் கணக்கிடுகிறார்கள். அங்கே வர்க்கங்களைக் கழிப்பது வழக்கம். கழிக்காவிட்டால், நல்ல கற்றையும் தரம் குறைந்ததாகத் தோன்றும்.

மறுநாள் வகுப்பின் முன் சிவப்புச் சுழியை அடித்து, மதிப்பெண்ணைத் திருத்திக் கையொப்பமிட்டேன். இப்போது விடை மாறுபட்டால் பேனாவை எடுக்கும் முன் கருவியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். நீங்களும் குழுவுக்கொரு துளை அளவு கொடுத்து இதைச் செய்து பாருங்கள்.