இலை நுனியில் ஒரு துளி

விடியற்காலையில் நெல் நாற்றின் நுனியில் முத்துப்போல் ஒரு துளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பனி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அது பெரும்பாலும் செடியே வெளியேற்றிய நீர். இதற்கு நீர்க்கசிவு என்று பெயர்.

எப்படி நடக்கிறது?

பகலில் இலைத்துளைகள் திறந்திருக்கும். வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். இரவில் அவை மூடிக்கொள்ளும். ஆனால் வேர் சும்மா இருக்காது. மண்ணிலுள்ள உப்புகளை சைலம் குழாய்க்குள் சேர்த்துக்கொண்டே இருக்கும். சவ்வூடு பரவலால் நீரும் பின்னாலேயே வரும். உள்ளே அழுத்தம் ஏறும். இதுதான் வேரழுத்தம். வெட்டிய திராட்சைக் கொடியில் குழாய் பொருத்தி இதை அளந்தவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ். 1727-ல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

மிஞ்சிய நீர் இலை நுனியிலும் விளிம்பிலும் உள்ள ஹைடதோடு என்னும் துளைகள் வழியே வெளியேறும். மெக்கானிக்கல் மாணவனான எனக்கு பாய்லரின் சேஃப்டி வால்வுதான் ஞாபகம் வந்தது. ஒரே வித்தியாசம், வால்வு திறந்து மூடும். இந்தத் துளைக்கு மூடியே கிடையாது.

பனியா, கசிவா?

பனி காற்றிலிருந்து வருவது. இலை முழுக்கப் படியும். கசிவு நெல்லில் நுனியிலும், தக்காளியில் இலையின் பற்களிலும் மட்டும் நிற்கும். அதில் உப்புகள் கரைந்திருப்பதால் காய்ந்ததும் சில சமயம் வெள்ளைத் தடம் தெரியும்.

அப்பாவின் கணக்கு

எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். நடவு முடிந்தால் தினமும் விடியுமுன் வயலுக்குப் போய் இலை நுனியைத்தான் பார்ப்பார். "துளி கட்டிருச்சுடா, வேர் பிடிச்சிருச்சு" என்ற பிறகுதான் கடனுக்கு யூரியா வாங்குவார். பிடுங்கும்போது வேர் அறுந்த நாற்றால் நீரை மேலே தள்ள முடியாது; புது வேர் விட்டால்தான் துளி வரும். வேர் இல்லாத பயிருக்கு உரம் போட்டால் கடன்தான் மிஞ்சும். வேரழுத்தத்தைப் பற்றி நான் விளக்கியபோது, "ஓகோ, அதுக்கு அப்படி ஒரு பேரு இருக்கா" என்று சிரித்தார்.

நீங்களும் செய்து பாருங்கள்

இரண்டு டம்ளர் மண்ணில் கோதுமை முளைக்க விடுங்கள். ஒரு வாரம் கழித்து ஒன்றில் உள்ள நாற்றுகளை வேரில்லாமல் அறுத்து, தண்ணீரில் நிறுத்துங்கள். மற்றதற்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டையும் இரவில் பாலிதீன் பையால் மூடி வையுங்கள். காலையில் வேருள்ள நாற்றின் நுனியில்தான் துளி நிற்கும். பம்ப் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு